ஆறுதலாகப் பார்க்க வேண்டிய கற்கள்: கிரேக்கக் கோயில்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் பயணப் பகுதியில், பழைய கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாளில் ஓரிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து எழுதியவர்களுள் பலர் கிரேக்கத்தின் இடிந்த கோயில்களைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் ஐரோப்பாவில் குடியேறியுள்ள குடும்பங்கள் நம்மிடையே பல இருப்பதால், இவை வெறும் ஆசைக் கேள்விகள் அல்ல. பயண நாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்பட்டவை. எனவே பதில்களையும் அதற்கேற்ப விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: சுவிற்சர்லாந்தில் வசிக்கும் எனது மகள், வருகிற சித்திரையில் என்னையும் கணவரையும் கிரேக்கத்துக்கு இரண்டு கிழமை அழைத்துச் செல்ல விரும்புகிறாள். அவள் அனுப்பிய திட்டத்தில் ஏதென்ஸ், டெல்பி, மெத்தியோரா, ஒலிம்பியா, மிக்கோனோஸ், சாந்தோரினி, கிரேத்தா என ஏழு இடங்கள் உள்ளன. எங்களுக்குப் பழைய கோயில்களைப் பார்ப்பதுதான் விருப்பம். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. எதை வைத்து எதை விடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆரையம்பதி

பதில்: அம்மா, தங்கள் விருப்பம் கோயில்கள்தான் என்றால் மிக்கோனோஸ், சாந்தோரினி, கிரேத்தா ஆகிய மூன்று தீவுகளையும் தயங்காமல் விட்டுவிடுங்கள். அவை அழகற்றவை என்பதால் அல்ல. அங்கே போய்வருவதற்குக் கப்பல்களிலும் விமான நிலையங்களிலும் செலவாகும் நாட்களைக் கொண்டு, தாங்கள் உண்மையில் தேடுகிற இடங்களில் காலையும் மாலையும் இருந்து பார்க்க முடியும் என்பதால்தான். மெத்தியோரா பாறைகளின்மீது அமைந்த கிறிஸ்தவ மடங்களுக்குப் பெயர்பெற்ற இடம். அதையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எஞ்சுவன ஏதென்ஸ், டெல்பி, ஒலிம்பியா ஆகிய மூன்று. இவற்றுடன் ஏதென்ஸுக்கு அண்மையிலுள்ள ஏகினா தீவையும் சூனியோன் முனையையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு கிழமைக்கு அது நிறைவான திட்டமாகும்.

ஏதென்ஸில் ஐந்து இரவுகள் தங்குங்கள். அங்கு போய் இறங்கியவுடன் எல்லோரும் அக்ரோபொலிஸ் குன்றுக்குத்தான் ஓடுவார்கள். தாங்கள் அதற்கு முன்னர், பழைய சந்தைவெளியான அகோராவின் ஓரத்தில் சிறு மேட்டின்மேல் நிற்கும் ஹெபைஸ்டொஸ் கோயிலைப் பாருங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கோயில் பின்னர் கிறிஸ்தவத் தேவாலயமாகப் பயன்பட்டதால் இடிக்கப்படாமல் தப்பியது. முன்னும் பின்னும் ஆறு, பக்கவாட்டில் பதின்மூன்று என்ற கணக்கில் அமைந்த அதன் 34 தூண்களும் இன்றும் நிற்கின்றன. முழுமையான கோயில் எப்படி இருக்கும் என்பதைக் கண் முதலில் கற்றுக்கொண்டுவிட்டால், பிறகு வேறிடங்களில் மூன்று தூண்களைப் பார்த்தாலும் மீதியை மனம் தானாகவே கட்டிக்கொள்ளும். இந்த வரிசையை மாற்றிப் பார்த்தவர்களுக்கு, எல்லா இடங்களும் ஒரே கற்குவியலாகத் தோன்றிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே அக்ரோபொலிஸுக்குச் செல்லுங்கள். 2023 செப்டெம்பரிலிருந்து அங்கு நேரம் குறித்த அனுமதிச் சீட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாளுக்கு 20,000 பேர் என்ற வரம்பும் உண்டு. ஆகவே சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிட மகளிடம் சொல்லுங்கள். ஏறும் வழியிலுள்ள சலவைக்கற்கள் கோடிக்கணக்கானோரின் காலடியால் தேய்ந்து வழுக்கும். ரப்பர் அடி கொண்ட சப்பாத்து அவசியம். நடக்க இயலாதவர்களுக்காக வடபுறத்தில் மின்தூக்கி அமைத்திருக்கிறார்கள். முழங்கால் வலி கடுமையாக இருக்குமாயின் அதைப் பயன்படுத்த முடியுமா என முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

மேலே ஏறி நுழைவாயிலைக் கடந்தவுடன் கண்முன் நிற்கும், அதீனா தேவியின் கோயிலான பார்த்தெனானின் தோற்றத்தைத்தான் உலகமெங்கும் படங்களில் அச்சிடுகிறார்கள். ஆனால் அது கோயிலின் பின்புறம். கி.மு. 447இல் தொடங்கி 432இல் நிறைவுற்ற அக்கோயிலின் முகப்பு கிழக்கே இருக்கிறது. பெரும்பாலானோர் மேற்குப் பக்கத்தில் படமெடுத்துவிட்டுக் களைத்துத் திரும்பிவிடுவதால், தாங்கள் வடபுறமாக மெதுவாகச் சுற்றிக் கிழக்கு முகப்புக்குப் போய், காலை வெயில் தூண்களில் விழும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அந்த வாயிலுக்கு நேரே உள்ளேதான் பொன்னும் தந்தமும் கொண்டு சிற்பி பெய்டியாஸ் அமைத்த அதீனாவின் சிலை நின்றது. 1687இல் வெனிஸ் படையினர் முற்றுகையிட்டபோது, உதுமானியர் உள்ளே சேமித்து வைத்திருந்த வெடிமருந்தின்மீது குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. அதுவரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது கோயிலாகவும் தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் பெருமளவு முழுமையாகவே நின்றிருந்தது என்பதை அங்கு நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். காலம் மெல்லத் தின்றதன் விளைவன்று அந்த இடிபாடு. அதன் பெரும்பகுதி ஒரே நாளில் மனிதர் செய்த அழிவு.

அக்ரோபொலிஸ் அரும்பொருட்காட்சியகத்தை அதே நாளில் பார்க்க வேண்டாம். மறுநாள் புதிய கண்ணோடு போங்கள். அதே குன்றிலுள்ள எரெக்தேயோன் கோயிலின் கூரையைத் தலையில் தாங்கிய பெண் உருவங்களுள் ஐந்து அங்கே இருக்கின்றன. ஆறாவது இலண்டனில், பிரித்தானிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. குன்றின்மேல் நிற்பவை பிரதிகள்.

ஏதென்ஸிலிருந்து சூனியோன் முனை ஏறக்குறைய 70 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போவதை விடச் சற்றுக் கூடுதலான தூரம். கடலுக்கு மேலே செங்குத்தான பாறையில் நிற்கும் பொசைடனின் கோயிலுக்குப் பிற்பகல் பேருந்தில் போய், பொழுது சாயும்வரை இருந்து திரும்பலாம். ஏகினாவுக்கு பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாதாரணக் கப்பலில் ஒன்றேகால் மணிநேரம் ஆகும். அங்கே ஓர் இரவு தங்குங்கள். பைன் மரங்கள் சூழ்ந்த மேட்டில் நிற்கும் அபாயா தேவியின் கோயில், பார்த்தெனானுக்குச் சற்று முந்தியது. அதன் உட்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்காக நிற்கும் சிறு தூண்களைப் பார்க்கலாம். கூரை முகப்பில் இருந்த சிற்பங்கள் இப்போது ஜேர்மனியின் மியூனிக் நகரில் உள்ளன.

டெல்பியில் இரண்டு இரவுகள் தங்குவது முக்கியம். ஏதென்ஸிலிருந்து காலையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள் முற்பகலில் வந்து பிற்பகலில் போய்விடும். அங்கேயே தங்குகிறவர்களுக்குத்தான் அமைதியான காலை கிடைக்கும். மலைச்சரிவில் ஏறிச் செல்லும் பாதை செங்குத்தானது. அப்பொல்லோவின் கோயில் தளம்வரை போய், அதற்கு மேலுள்ள அரங்கையும் ஓட்டப்பந்தயத் திடலையும் கணவரும் மகளும் பார்த்துவரத் தாங்கள் அங்கேயே அமர்ந்திருக்கலாம். நிமிர்ந்து நிற்கும் ஆறு தூண்கள் பிற்காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்டவை. 1892இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அகழத் தொடங்கியபோது, அவ்விடத்தின்மேல் இருந்த ஒரு கிராமத்தையே அப்பால் பெயர்த்து அமைக்க வேண்டியிருந்தது.

மகள் கார் ஓட்டுவாளாயின், டெல்பியிலிருந்து ஏதென்ஸுக்குத் திரும்பாமல், 2004இல் திறக்கப்பட்ட ரியோ–அந்திரியோ பாலத்தின் வழியாகத் தென்பகுதிக்குக் கடந்து ஒலிம்பியாவுக்குப் போய்விடலாம். அங்கே மூன்று இரவுகள் தங்குங்கள். தரை சமதளம், மரநிழல் தாராளம். தங்கள் முழங்கால் மகிழும் இடம் அதுவே. ஜீயஸின் பெருங்கோயில் கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கங்களில் விழுந்தது. விழுந்த தூண்களின் உருள்கற்கள், வெட்டிய வாழைத்தண்டின் துண்டங்கள் போல, சரிந்த வரிசை குலையாமல் இன்றும் கிடக்கின்றன. ஒரேயொரு தூணை மட்டும் 2004இல் மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அடியில் நின்று மேலே பார்த்தபின் கீழே கிடக்கும் கற்களைப் பாருங்கள்.

பக்கத்திலேயே ஹேராவின் கோயில் இருக்கிறது. கி.மு. 600 அளவில் எழுந்த இக்கோயிலின் தூண்கள் ஒன்றுக்கொன்று பருமனிலும் தலைப்பகுதியின் வடிவிலும் வேறுபடுகின்றன. அவை முதலில் மரத்தூண்களாக இருந்து, பழுதுபட்ட ஒவ்வொன்றுக்கும் பதிலாக அவ்வக் காலத்தில் கல்தூண் வைக்கப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பவுசானியாஸ் என்ற பயணி, அப்போதும் ஒரு கருவாலி மரத்தூண் எஞ்சியிருந்ததைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அரை நாளைச் செலவழித்து ஒவ்வொரு தூணாகப் பார்க்கத் தகுந்த இடம் கிரேக்கத்தில் இதைப் போல வேறொன்று இல்லை என்பது என் துணிபு.

திரும்பும் வழியில் ஜீயஸின் இன்னொரு கோயில் உள்ள நெமேயாவையும், ஒற்றைக் கல்லில் செதுக்கிய தூண்கள் ஏழு நிற்கும் கொரிந்துவையும் பார்த்துக்கொண்டு ஏதென்ஸை அடையலாம். களைப்பாக இருந்தால் நெமேயாவை விட்டுவிடுங்கள்.

விசாவைப் பற்றி ஒரு சொல். தங்கள் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். சுவிற்சர்லாந்தும் கிரேக்கமும் அதே வட்டத்துக்குள் இருப்பதால் ஒரு விசாவே போதுமானது. ஆனால் எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். மகள் வீட்டில் ஒரு மாதமும் கிரேக்கத்தில் இரண்டு கிழமையும் தங்குவதாயின் அது சுவிற்சர்லாந்தாகும். குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம்.

கேள்வி: பாடசாலை விடுமுறைக்கு ஏற்ப ஆவணியில் போகலாமா? வெயில் நமக்குப் பழக்கமானதுதானே?
– அரச உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். நமது வெயிலில் கடற்காற்றும் தென்னை நிழலும் உண்டு. அங்கே யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெப்பநிலை 40 பாகையை நெருங்கும் நாட்களில், நிழலற்ற குன்றில் வெண்கற்களும் சேர்ந்து வெப்பத்தை முகத்தில் வீசும். 2023 யூலையில் அக்ரோபொலிஸை நண்பகல் நேரங்களில் மூடிவைக்க வேண்டிய நிலை வந்தது. ஏப்ரல், மே மாதங்களும், செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் முடியும்வரையான காலமுமே உகந்தவை. ஏப்ரலில் கற்களுக்கிடையே காட்டுப் பூக்கள் மலர்ந்திருக்கும். ஆனால் அவர்களது உயிர்த்த ஞாயிறன்று தொல்லிடங்கள் மூடியிருக்கும் என்பதால், அந்தத் திகதியை முதலில் பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு. எனினும் பிற்பகலிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள்.

கேள்வி: நான் மேசன் வேலை செய்பவன். படங்களில் பார்க்கும்போது அந்தத் தூண்களின் கற்களுக்கிடையே சாந்தே தெரியவில்லை. இவ்வளவு பாரமான கற்கள் பிடிமானம் இல்லாமல் எப்படி நிற்கின்றன? போகிற ஒருவர் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?
– காரைதீவு

பதில்: ஐயா, இக்கேள்விக்காகத் தங்களுக்கு நன்றி கூறுகிறேன். கோயில்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பலர் கடவுளரின் பெயர்களை மட்டும் மனனம் செய்து வருகிறார்கள். கட்டியவர்களின் கைவேலையை விட்டுவிடுகிறார்கள். தங்களைப் போன்ற ஒருவருடைய கண்ணுக்கு அந்த இடிபாடுகள் மிகுதியாகவே பேசும்.

தாங்கள் கண்டது சரியே. சுவர்களிலோ தூண்களிலோ சாந்து இல்லை. தூண் பெரும்பாலும் பல உருள்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதாகும். ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பின் நடுவிலும் ஒரு சதுரக் குழி வெட்டி அதில் மரக்கட்டையைப் பொருத்தி, அக்கட்டையின் நடுத் துளையில் ஒரு மர முளையைச் செருகி, மேலே வரும் கல்லை அதன்மீது மிகச் சரியாக மையம் பிசகாமல் இறக்கினார்கள். கல்லின் பரப்பு முழுவதையும் ஒரே சீராக இழைத்தெடுப்பது அரிது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எனவே விளிம்பை ஒட்டிய ஒரு வளையத்தை மட்டும் மிக நேர்த்தியாக இழைத்து, அதன் உட்பகுதியைச் சற்றே பள்ளமாகக் கரடாக விட்டார்கள். கற்கள் ஒன்றையொன்று தொடுவது விளிம்பில்தான். அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இணைப்பு மயிரிழையாகத் தெரிகிறது. கீழே விழுந்து கிடக்கும் கற்களில் இந்தக் குழியையும் வளையத்தையும் தெளிவாகக் காணலாம். நிற்கும் தூண் மறைத்து வைத்திருப்பதை விழுந்த தூண்தான் காட்டும்.

சுவர்க் கற்களை ஒன்றோடொன்று இணைக்க இரும்புப் பிடிகளை வைத்து, அவற்றைச் சுற்றி உருக்கிய ஈயத்தை ஊற்றினார்கள். ஈயம் இரும்பைத் துருவிலிருந்து காத்தது. நிலம் அதிரும்போது சிறிதளவு நெகிழ்ந்தும் கொடுத்தது. பிற்காலத்தவர் உலோகத்துக்காக அந்த இணைப்புகளைக் குடைந்து எடுத்ததால்தான், பல கோயில்களில் கற்கள் சந்திக்கும் இடங்களில் கரடுமுரடான ஓட்டைகள் காணப்படுகின்றன. அவற்றைக் குண்டுபட்ட அடையாளம் என்று நினைத்துவிட வேண்டாம்.

தூணில் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்கள், தோரிக் எனப்படும் எளிய தலைப்பகுதி கொண்ட முறைத் தூணுக்கு வழக்கமாக 20. அவற்றைக் கற்களை அடுக்கி முடித்த பின்னரே முழு உயரத்துக்கும் செதுக்கினார்கள். முன்னரே செதுக்கினால் ஏற்றும்போது விளிம்புகள் உடையும். இணைப்பில் கோடுகளும் பொருந்தாது. இதற்குச் சான்று வேண்டுமாயின் சிசிலியின் செஜெஸ்தா கோயிலைப் பார்க்க வேண்டும். வேலை இடையில் நின்றுபோன அக்கோயிலின் 36 தூண்களும் வரிப்பள்ளமின்றி மொட்டையாக நிற்கின்றன. படிக் கற்களில் கல்லைத் தூக்குவதற்காக விடப்பட்ட முண்டுகள்கூட இன்னும் செதுக்கி நீக்கப்படவில்லை.

பார்த்தெனானைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், தூண்கள் நிற்கும் தளத்தின் ஒரு மூலையில் கண்ணைத் தாழ்த்தி நீளவாட்டில் பாருங்கள். தளம் நேராக இல்லை. நடுப்பகுதி நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றரும், அகலப் பக்கத்தில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றரும் உயர்ந்திருக்கிறது. தூண்கள் சற்றே உட்புறமாகச் சாய்ந்துள்ளன. மூலைத் தூண்கள் மற்றவற்றை விடப் பருமனானவை. ஒவ்வொரு தூணின் உடலும் இலேசாகப் புடைத்திருக்கிறது. இத்தனை வளைவுகளும் சாய்வுகளும் உள்ள கட்டடத்தில் எந்த இரண்டு கற்களும் இடம் மாற்றிப் பொருந்த மாட்டா. நூல் பிடித்து நேராகக் கட்டுவதையே கடினம் என்று அறிந்த ஒருவருக்கு, வேண்டுமென்றே வளைத்துக் கட்டி அதைப் பதினைந்து ஆண்டுகளில் முடித்தவர்களின் திறமை எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கல் ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பெந்தெலி மலையிலிருந்து வந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோயிலைச் செப்பனிட்டவர்கள் ஈயம் ஊற்றாமல் வெறும் இரும்புப் பிடிகளை வைத்தார்கள். இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே வெடிக்கச் செய்தது. கடந்த சில பத்தாண்டுகளாக அவற்றையெல்லாம் அகற்றித் தைத்தானியத்தால் ஆன பிடிகளைப் பொருத்தி வருகிறார்கள். அங்கே காணப்படும் சாரமும் பாரந்தூக்கியும் பலருக்கு எரிச்சலூட்டுகின்றன. தாங்கள் அவற்றின் அருகே நின்று, பழைய கல்லோடு புதுக்கல்லை ஒட்டவைப்பதற்காக இன்றைய கல் தச்சர்கள் உளியைப் பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: நமது கோயில்களில் மண்டபம், அதற்கப்பால் மூலத்தானம் என ஒழுங்கு உண்டு. கிரேக்கக் கோயில்களில் அடியார்கள் எங்கே நின்றார்கள்? இப்போது அங்கு செல்லும் நாம் காலணியைக் கழற்ற வேண்டுமா? பூ வைத்து வணங்கலாமா?
– ஆலய வண்ணக்கர் ஒருவர், திருக்கோவில்

பதில்: ஐயா, கிரேக்கக் கோயிலின் உள்ளறை தெய்வத்தின் சிலைக்கும் காணிக்கைப் பொருட்களுக்கும் உரிய இடமாகவே இருந்தது. மக்கள் கூடி வழிபடும் மண்டபமாக அது அமைக்கப்படவில்லை. வழிபாட்டின் மையம் பலிபீடம்; அது கோயிலுக்கு வெளியே, பெரும்பாலும் கிழக்கு வாயிலுக்கு எதிரே, திறந்த வானத்தின்கீழ் இருந்தது. மக்கள் அந்தப் பீடத்தைச் சுற்றி நின்றார்கள். வாயிற்கதவு திறக்கப்படும்போது உள்ளிருந்த தெய்வம் பீடத்தை நோக்கும். திரைமறைவில் பூசை நிகழும் மண்டூர் முருகன் கோயிலைப் போன்ற தலங்களில் வணங்கிப் பழகிய நமக்கு, தெய்வம் இருக்கும் அறைக்குள் எல்லோரும் நுழைவதில்லை என்பது புதிதல்ல. ஆனால் வழிபாடே வெளிமுற்றத்தில் நிகழ்ந்ததால், அவர்கள் தம் சிற்பங்களையும் தூண்களையும் வெளிப்புறத்தில் வைத்தார்கள். கிரேக்கக் கோயிலைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணமும் அதுவே. போகிறவர்கள் தூண்களைப் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், முகப்புக்கு எதிரே சில அடி நடந்து பீடத்தின் அடித்தளத்தைத் தேட வேண்டும். தரைமட்டத்தில் சில வரிசைக் கற்களாக மட்டுமே அது எஞ்சியிருக்கும்; அங்கு நின்று கோயிலை நோக்கினால்தான் அன்றைய அடியார் கண்ட காட்சி கிடைக்கும். டெல்பியில் கியோஸ் தீவினர் அளித்த பெரிய பீடம் அப்பொல்லோ கோயிலின் முன்னே நன்றாகத் தெரியும்படி நிற்கிறது.

அவர்கள் கண்ட கல் வெண்மையாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கூரையை ஒட்டிய பகுதிகளும் சிற்பங்களும் நீலம், சிவப்பு முதலிய வண்ணங்கள் பூசப்பட்டிருந்தன. நமது கோபுரங்களின் வண்ணத்தைக் குறைவாகக் கருதி, வெறுங்கல்லே உயர்ந்த அழகு என்று சொல்கிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கி.பி. 391, 392ஆம் ஆண்டுகளில் உரோமப் பேரரசர் தியோதோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்து கட்டளைகள் பிறப்பித்தார். இப்போது அக்கோயில்கள் அரசின் தொல்பொருள் துறை காக்கும் இடங்கள். காலணியைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றவும் கூடாது, கற்களும் முட்களும் காலைப் பதம்பார்க்கும். பூ, கற்பூரம் எவற்றையும் வைக்க அனுமதி இல்லை. கயிறு கட்டிய எல்லைக்குள் நுழைவதும் கற்களின்மீது ஏறி அமர்வதும் தடுக்கப்பட்டவை. தரையில் கிடக்கும் சிறு கல்லையோ ஓட்டுத் துண்டையோ நினைவுக்காக எடுத்து வருவது சட்டப்படி குற்றமாகும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மனத்தால் வணங்குவதை எவரும் தடுக்கப்போவதில்லை. ஒரு தெய்வத்துக்காக மக்கள் தம்மால் இயன்ற மிகச் சிறந்த வேலையைச் செய்து வைத்த இடத்தில், பிற சமயத்தவரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதே முறை என்பது என் கருத்து.

கேள்வி: நாங்கள் மரக்கறி உணவு மட்டுமே உண்பவர்கள். அங்கே சமாளிக்க முடியுமா?
– இல்லத்தரசி, களுவாஞ்சிக்குடி

பதில்: நன்றாகவே முடியும். கிரேக்கத் திருச்சபையின் விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றைத் தவிர்ப்பதால், அவை சேராத சமையல் அந்நாட்டில் வேரூன்றியிருக்கிறது. தக்காளிச் சாறில் வேகவைத்த பெரிய வெள்ளை அவரை விதையான கிகாண்டெஸ், கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பிரியாம், சோறு அடைத்த தக்காளி, எலுமிச்சம் புளி விட்ட கீரை ஆகியவற்றை எந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் கேட்கலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: கணவாய், இறால் போன்றவற்றை அவர்கள் விரத உணவாகவே கொள்வதால், "விரத உணவு" என்று மட்டும் கேட்காமல் அவை இல்லாததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகத்தை ஒரு பாடமாகப் படித்தேன். கிரேக்கத்துக்குப் போக வசதியில்லை. ஆனால் என் அண்ணன் இத்தாலியில், பலெர்மோ நகரில் இருக்கிறார். அவரிடம் போகும் வாய்ப்பு இருக்கிறது. அங்கிருந்து பார்க்கக்கூடிய கிரேக்கக் கோயில்கள் உண்டா?
– கல்லடி

பதில்: தம்பி, கிரேக்கத்துக்குப் போக முடியவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. நம்மவர்கள் பலர் வாழும் பலெர்மோ அமைந்துள்ள சிசிலித் தீவு, கிரேக்கக் கோயில்களைப் பார்ப்பதற்குக் கிரேக்கத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து கிரேக்கர் அங்கே குடியேறி நகரங்களை அமைத்தார்கள். வளமான நிலமும் கடல் வணிகமும் தந்த செல்வத்தைக் கொண்டு, தாய்நாட்டினரோடு போட்டியிடுவது போலப் பெருங்கோயில்களைக் கட்டினார்கள்.

பலெர்மோவிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய இரண்டு மணிநேரத்தில் அக்ரிஜெந்தோவை அடையலாம். அங்கே ஒரு நீண்ட மேட்டின்மேல் வரிசையாகக் கோயில்கள் நிற்கின்றன. கொன்கோர்தியா என்று இன்று அழைக்கப்படும் கோயில் கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேவாலயமாக மாற்றப்பட்டதால் முழு வடிவோடு நிலைத்திருக்கிறது. அதன் சுவர்களில் தேவாலயத்துக்காக வெட்டிய வளைவுகளையும் காணலாம். அதற்கு மாறாக, ஜீயஸுக்கென்று தொடங்கிய மாபெரும் கோயில் முற்றாகச் சரிந்து கிடக்கிறது. அதைத் தாங்கிய கல் மனித உருவங்களுள் ஒன்று, ஏறக்குறைய ஏழரை மீற்றர் உயரமானது, அங்குள்ள அரும்பொருட்காட்சியகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பகலில் அண்ணனோடு போய் மாலையே திரும்பாமல், ஓர் இரவு தங்கி, இருட்டியபின் விளக்கொளியில் கோயில்களைக் கீழ்ச்சாலையிலிருந்தும் பாருங்கள்.

மேற்கே செலினுந்தே என்ற இடத்தில் எந்தக் கோயில் எந்தத் தெய்வத்துக்குரியது என்று உறுதியாகக் கூற முடியாமல், அவற்றை எழுத்துகளால் பெயரிட்டிருக்கிறார்கள். அங்கே செல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஓர் இடத்தைத் தாங்கள் விடக்கூடாது. சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள குசா கற்சுரங்கத்தில், கோயிலுக்காக வெட்டத் தொடங்கிய தூண் கற்கள் பாதி பாறையோடு ஒட்டியபடி நிற்கின்றன. கி.மு. 409இல் கார்த்தேஜ் படை நகரை அழித்தபோது வேலை நின்றது. ஒரு மனிதன் நுழையக்கூடிய இடைவெளியைக் கல்லைச் சுற்றிக் குடைந்து, உள்ளே நின்று வெட்டியிருக்கிறார்கள் என்பது அந்த இடத்தைக் கண்டால்தான் விளங்கும். பாடநூலில் தோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று மூன்று முறைகளையும் படித்திருப்பீர்கள். சிசிலியில் காணக் கிடைப்பவை பெரும்பாலும் தோரிக் முறையைச் சேர்ந்தவையே. ஆகவே தலைப்பகுதிகளின் வகையை அடையாளம் காண்பதில் நேரத்தைச் செலவிடாமல், ஒரே முறைக்குள் கோயிலுக்குக் கோயில் தூணின் பருமனும் இடைவெளியும் எப்படி மாறுகின்றன என்பதைப் பாருங்கள்.

கிழக்குக் கரையில் சிராக்கூசா இருக்கிறது. அதன் தலைமைத் தேவாலயம், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுந்த அதீனா கோயிலேயாகும். தூண்களுக்கிடையே சுவரெழுப்பித் தேவாலயமாக்கியதால், பருத்த தோரிக் தூண்கள் இன்றும் வழிபாடு நடக்கும் கட்டடத்தின் உட்சுவர்களில் நிற்கின்றன. வடபுறத் தெருவில் நின்றாலே சுவருக்குள்ளிருந்து புடைத்து நிற்கும் தூண்கள் தெரியும். திருப்பலி நடக்கும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

பலெர்மோவிலிருந்து செஜெஸ்தாவுக்கு ஒரு பகல், செலினுந்தேக்கும் குசாவுக்குமாக ஒரு நாள், அக்ரிஜெந்தோவுக்கு இரண்டு, சிராக்கூசாவுக்கு மூன்று என்று அண்ணனிடம் ஒரு கிழமை கேளுங்கள். செலினுந்தேக்கும் குசாவுக்கும் பொதுப் போக்குவரத்து வசதி குறைவு என்பதால், அந்த ஒரு நாளை மட்டும் அண்ணனின் வேலை ஓய்வு நாளில் அமைத்துக்கொண்டு காரில் போவது நல்லது. மற்ற இடங்களுக்குத் தாங்கள் தனியாகவே புகையிரதத்திலும் பேருந்திலும் போய்வரலாம்.